வேலையிடத்தில் சண்டை வந்தால் உங்கள் வழி எது? நெல்லைப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம் நெல்லைச் சீமையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும் டூட்டி சார்ட் போடுகிறவர் திண்டாடிக்கொண்டிருப்பார். அன்று ஊரே குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும். ஒருவருக்குத் தேரிக்காட்டுக்குள் சாஸ்தா, இன்னொருவருக்குக் களக்காட்டுப் பக்கம், வேறொருவருக்கு ஏதோ ஒரு குளத்தங்கரையில். சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேரும் நாள். எல்லோருக்கும் லீவு வேண்டும். வார்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

இந்த இடத்தில் ஒரு நர்ஸ் சத்தம் போடுகிறார். இன்னொருவர், "சரிக்கா, நீங்க போயிட்டு வாங்க, நான் அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன்" என்கிறார். மூன்றாவது ஆள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, அன்று காலையில் காய்ச்சல் என்று போன் போடுகிறார். மூன்று பேரையும் பற்றி மற்றவர்கள் சொல்வது ஒன்றேதான்: "அவ கொணம் அப்படி."

நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. சத்தம் போட்ட அதே பெண் டாக்டர் முன்னால் வாய் திறப்பதில்லை. விட்டுக்கொடுத்தவர் வார்டு ஆயாவிடம் ஓரடி கூட இறங்கி வரமாட்டார். ஆளைப் பார்த்து மாறுவது எப்படிக் குணமாகும்? அது பழக்கம். பழக்கத்தைக் கவனிக்கலாம், வேண்டுமென்றால் மாற்றலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களுக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. அதற்குள் உங்களுக்கு அங்கே ஒரு பெயர் விழுந்துவிடும். "பாவம், எது சொன்னாலும் கேட்டுக்கிடும்" என்றோ, "வாய்க்காரி" என்றோ ஒருமுறை விழுந்த பெயரோடு வருஷக்கணக்கில் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் படி: சண்டை எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள்

வேலையிடத்துச் சண்டைகளை ஆராய்ந்த கேரன் ஜென் என்பவர் 1990-களில் அவற்றை மூன்றாகப் பிரித்தார். செய்கிற வேலையைப் பற்றிய கருத்து வேறுபாடு ஒன்று. யார் எதை எப்போது செய்வது என்ற முறையைப் பற்றியது இன்னொன்று. ஆளுக்கு ஆள் பிடிக்காமல் போவது மூன்றாவது.

நடைமுறையில் இவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில், பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்து வைப்பது விற்பனைப் பெண்ணின் வேலையா, உதவிக்கு நிற்கும் பையனின் வேலையா என்று பேச்சு தொடங்கும். இது முறையைப் பற்றியது, பத்து நிமிஷத்தில் தீர்க்கலாம். ஆனால் இரண்டாவது வாரம் "நேத்து வந்த பய என்னைய வேலை சொல்லுதான்" என்று ஆகிவிடும். அதன்பிறகு சேலையைப் பற்றி என்ன பேசினாலும் தீராது.

வேலையைப் பற்றிய வாக்குவாதம் நல்லதுதானே, நல்ல யோசனை வருமே என்று ஒரு நினைப்பு பல காலம் இருந்தது. டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்ட முடிவு அதற்குச் சாதகமாக இல்லை. வேலையைப் பற்றிய சண்டை கூடிய குழுக்களிலும் வேலைத்திறன் குறைவாகவே காணப்பட்டது. அதனால் "நல்லதுக்குத்தானே சண்டை போட்டேன்" என்பது மட்டும் போதாது. எப்படிப் போட்டீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: ஐந்து வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். இன்றைக்கும் பல கம்பெனிகளின் பயிற்சி வகுப்புகளில் அதுதான் ஓடுகிறது. மொத்தம் 30 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் உங்களுக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ், ஃபெயில் கிடையாது. சண்டை வரும்போது உங்கள் தேவையை எவ்வளவு பிடித்து நிற்கிறீர்கள், எதிராளியின் தேவையை எவ்வளவு கவனிக்கிறீர்கள் என்ற இரண்டு அளவுகளை வைத்து ஐந்து வழிகளைச் சொல்கிறார்கள். காசு கொடுத்து எடுக்கும் சோதனை அது. கம்பெனியில் கொடுத்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை. கீழே சொல்வதை வைத்தே உங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

"நான் சொன்னா சொன்னதுதான்." இது முட்டி நிற்பது. உங்கள் தேவை முழுக்க வேண்டும், எதிராளியின் தேவை இப்போதைக்குக் கணக்கில் இல்லை. கேட்கக் கெட்டதாகத் தெரிந்தாலும் சில இடங்களில் இது மட்டும்தான் சரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

"விடுங்கண்ணாச்சி, உங்க இஷ்டம்போலச் செய்யுங்க." இது விட்டுக்கொடுப்பது. விஷயம் உங்களுக்குச் சின்னது, அவருக்குப் பெரியது என்றால் நல்ல வழி. நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் உடனே செய்ய வேண்டியதும் இதுதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று நிறுத்துக் கொடுப்பார்கள். இலை மோசமாக இருந்தால் வெட்டும்போதே பாதி வீணாகிவிடும், ஆயிரம் தேறாது. கடையில் போய் "இந்த இலையில வராதுய்யா" என்று சொல்வதற்குப் பதிலாக, கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கிக் கணக்கை நேர்செய்து கொடுப்பவர்கள் உண்டு. சண்டை வரவில்லை, உண்மைதான். கூலியிலிருந்து காசு போய்க்கொண்டே இருக்கும், கடைக்காரருக்கு இலை மோசம் என்பதே தெரியாது.

"பொறவு பாப்போம்." இது ஒதுங்கிப் போவது. உங்கள் தேவையையும் சொல்வதில்லை, அவர் தேவையையும் கேட்பதில்லை. காய்ச்சல் என்று போன் போட்டவர் செய்தது இதுதான். நெல்லைப் பக்கம் இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

எல்லா ஒதுங்கலும் தப்பில்லை. நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் டாக்டர் கோபமாகப் பேசினால் அந்த இடத்தில் பதில் சொல்லாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆளும் நேரமும் சரியில்லை என்றால் தள்ளிப்போடலாம். கேடு எங்கே வருகிறது என்றால், தள்ளிப்போட்டதற்கு நாள் குறிக்காமல் விடும்போது. இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் ஒதுங்கலுக்கு மரியாதை என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். பெரியவர் பேசும்போது எதிர்த்துப் பேசக்கூடாது, அண்ணாச்சி முகம் சுளிக்கும்படி ஒன்றும் சொல்லக்கூடாது, மேடத்திடம் கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்ந்து வந்திருக்கிறோம். வீட்டில் அது அழகாகக்கூட இருக்கலாம். வேலையிடத்தில் சீனியர் டாக்டர் சொன்ன மருந்தின் அளவு சார்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும் ஒரு புது நர்ஸ் பேசாமல் இருந்தால், அங்கே யாருக்கு மரியாதை கிடைத்தது? படுத்திருக்கிற நோயாளிக்கு இல்லை. பின்னால் விசாரணை வரும்போது அந்த சீனியருக்கும் இல்லை. உண்மையான மரியாதை, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர், சார்ட்டுல 5ன்னு இருக்கு, நீங்க 10ன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பதில் இருக்கிறது. இந்த வாக்கியத்தில் அவமரியாதையாக ஒரு சொல் கூட இல்லை. ஆனால் கேட்க வேண்டியது முழுக்கக் கேட்கப்பட்டுவிட்டது.

"ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி." இது சமரசம். இந்த வருஷ உத்திரத்துக்கு நீ போ, அடுத்த வருஷம் நான் போகிறேன் என்பது. வேகமாக முடியும், நேரமில்லாதபோது உதவும். ஆனால் அடுத்த வருஷத்துக்குள் ஒருவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது மறந்திருப்பார். சமரசம் செய்தால் டூட்டி நோட்டிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

"உக்காந்து பேசுவோம்." ஐந்தாவது வழி. இரண்டு பேருடைய தேவையும் முழுக்க நிறைவேற வழி இருக்கிறதா என்று தேடுவது. இதற்கு மூல யோசனை தந்தவர் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1925-இல் ஒரு சொற்பொழிவில் அவர் சொன்ன சம்பவம் ரொம்ப எளிமையானது. ஹார்வர்ட் நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார், ஃபாலெட் மூட வேண்டும் என்கிறார். கடைசியில், யாரும் உட்காராத அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வந்தது. வாடைக் காற்று நேராக மேலே அடிப்பதுதான் ஃபாலெட்டுக்குப் பிடிக்கவில்லை, அதுவும் நின்றது. பாதி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் பாதிக் குறை மிஞ்சியிருக்கும்.

உத்திர லீவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு நர்ஸ்கள் "லீவு வேணும்" என்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு. கேட்டுப் பார்த்தால் ஒருவருக்குக் காலையில் பொங்கல் வைக்கும்போது அங்கே நிற்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிடலாம். இன்னொருவர் கோயிலில் ராத்திரி அலங்கார பூஜைதான் முக்கியம், சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் போதும். முதலாமவர் நைட் டூட்டி, இரண்டாமவர் காலை டூட்டி. லீவே எடுக்காமல் இரண்டு பேரும் சாமி கும்பிட்டு வரலாம். அதே வார்டில் வேலை செய்யும் கிறிஸ்தவச் சகோதரி ஒருவர், "எனக்குக் கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனைக்குப் போகணும், அன்னைக்கு நீங்க பாத்துக்கிட்டா உத்திரத்துக்கு நான் முழுநாள் நிக்கேன்" என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிகளில் இந்தக் கைமாற்று புதிதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

இந்த ஐந்தாவது வழியைத்தான் எல்லோரும் உயர்வாகச் சொல்வார்கள். எல்லா இடத்துக்கும் இதுவே மருந்து என்று நினைக்காதீர்கள். நேரம் பிடிக்கும். இரண்டு பேரும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஃபேன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கெல்லாம் உட்கார்ந்து பேசினால் அன்றைய வேலை நடக்காது.

மூன்றாம் படி: ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்

கேள்வித்தாளை விட எனக்கு நோட்டில்தான் நம்பிக்கை. நாற்பது பக்க நோட்டு போதும். வேலையிடத்தில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு உரசலுக்கும் நாலே வரி. யாரோடு? எதைப் பற்றி? முதல் ஒரு நிமிஷத்தில் நான் என்ன செய்தேன்? அன்று ராத்திரி படுக்கும்போது மனசில் என்ன இருந்தது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். யோசித்துச் செய்கிற காரியம் வேறு, பழக்கம் தானாகச் செய்ய வைக்கிற காரியம் வேறு. பழக்கம் முதல் நிமிஷத்தில் வெளியே வரும். சிரித்து மழுப்பினீர்களா, உடனே "இல்ல" என்றீர்களா, போனை எடுத்துப் பார்த்தீர்களா, "சாரி" என்று தொடங்கினீர்களா என்று அப்படியே எழுதுங்கள். நியாயம் சேர்க்க வேண்டாம்.

நான்காவது கேள்வி விட்டுக்கொடுத்தலையும் ஒதுங்கலையும் பிரித்துக் காட்டும். மனசார விட்டுக்கொடுத்திருந்தால் ராத்திரி அந்த நினைப்பே வராது. "எப்படிக் கேட்டிருக்கணும் தெரியுமா" என்று இருட்டில் வசனம் ஓடினால், நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, விழுங்கியிருக்கிறீர்கள்.

மாதக் கடைசியில் பக்கங்களை ஆள்வாரியாகப் பிரியுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்கள், சமமாக இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள், வெளியே இருந்து வரும் வாடிக்கையாளர்கள் அல்லது நோயாளிகள். இந்த நாலு கூட்டத்திலும் நீங்கள் ஒரே ஆளாக இருக்கமாட்டீர்கள். பெரும்பாலான புதியவர்களுக்கு மேலே ஒதுங்கல், சமமானவர்களிடம் சமரசம், கீழே முட்டி நிற்பது என்று அமையும். மேலே விழுங்கியது கீழே கொட்டுகிறது. சூப்பர்வைசர் திட்டிய நாளில் நீங்கள் யாரிடம் எரிந்து விழுந்தீர்கள் என்று தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். செக்யூரிட்டி அண்ணனோ துப்புரவு அக்காவோ அந்தப் பக்கத்தில் இருந்தால், நீங்கள் முதலில் திருத்த வேண்டியது அந்த இடம்தான். அவர்களால் உங்களிடம் திருப்பிப் பேச முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆணிடம் ஒருமாதிரி, பெண்ணிடம் ஒருமாதிரி, "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒருமாதிரி என்று உங்கள் வழி மாறுகிறதா? நெல்லைச் சீமையில் இதைக் கேட்காமல் போனால் நோட்டு எழுதியும் பயனில்லை. தெருப் பெயரைக் கேட்டதும் உங்கள் குரல் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்றால், அங்கே பேசுவது நீங்கள் இல்லை, சாதி. அதை நோட்டில் நேர்மையாக எழுதுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். எழுதுங்கள்.

நான்காம் படி: இன்னொருவரைக் கேளுங்கள்

நம்மை நாமே நல்லவிதமாகத்தான் பார்ப்போம். தாமஸும் லூயிஸ் போண்டி என்பவரும் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மேலாளர்களிடம், சமீபத்தில் நடந்த ஒரு சண்டையில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள், எதிராளி எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டார்கள். தான் ஒத்துழைக்கப் பார்த்ததாகவும் எதிராளி முட்டி நின்றதாகவும் சொல்வதே அதிகமாக இருந்தது. எதிராளியைக் கேட்டால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அதனால் நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். நெருங்கிய சிநேகிதி வேண்டாம், அவள் உங்கள் பக்கமே பேசுவாள். பக்கத்து மேஜைக்காரர், ஒரே ஷிப்டில் வருகிறவர், கங்கைகொண்டான் சிப்காட்டுக்குத் தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர் என்று யாராவது. "நான் எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டால் "நல்ல ஆளுதான்" என்று முடித்துவிடுவார். சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள்: "அன்னைக்கு ஸ்டாக் விஷயமா பேசினப்போ நான் பேசினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" பதில் வந்ததும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "சரி, சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணே" என்பதோடு நிறுத்துங்கள். விளக்கம் சொன்னால் அடுத்தமுறை அவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

ஐந்தாம் படி: இடத்துக்குத் தகுந்த வழியை எடுங்கள்

உங்கள் பழக்கம் தெரிந்துவிட்டது. இனி அதைத் தாண்டி வேறு வழியை எடுக்கப் பழக வேண்டும். எடுப்பதற்கு முன் மனசில் கேட்க வேண்டியவை: இந்த விஷயம் எனக்கு எவ்வளவு முக்கியம்? இந்த ஆளோடு இன்னும் எவ்வளவு காலம் வேலை செய்ய வேண்டும்? இப்போதே முடிவு வேண்டுமா? இதை மறுத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா?

காற்றாடி வேலையைப் பாருங்கள். ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்குச் சேரும் டிப்ளமா பையன்கள் நிறைய. மே தொடங்கி செப்டம்பர் வரை காற்று சீசன். அந்த மாதங்களில் இயந்திரம் ஒருமணி நேரம் நின்றாலும் மின்சாரம் போச்சு, காசு போச்சு என்று முதலாளி பக்கத்தில் நெருக்கடி இருக்கும். சர்வீஸ் வேலைக்கு நிறுத்தியாக வேண்டும் என்று இவர்கள் பக்கத்தில் நெருக்கடி. எப்போது நிறுத்துவது என்பது உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். காற்று தணியும் நேரம் எது, எந்த வேலையை சீசன் முடியும்வரை தள்ளலாம், எதைத் தள்ளவே முடியாது என்று பட்டியல் போட்டால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். ஆனால் காற்று வேகம் அளவைத் தாண்டி வீசும்போது "ஏறுடே, சீக்கிரம் பாத்துட்டு எறங்கிரலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே சமரசமும் இல்லை, உட்கார்ந்து பேசுவதும் இல்லை. "காத்து கொறையட்டும் சார். இப்ப ஏறமாட்டேன்." முட்டி நிற்பதுதான் சரியான வழி என்று சொன்னேனே, அது இந்த இடம். எப்போதும் பணிந்துபோகும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். தேவைப்படும் நேரத்தில் புதிதாக வாயில் வராது.

அதிகாரத்தைப் பற்றிய கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். தனியாளாக முட்டினால் வேலை போகும் என்ற இடங்கள் உண்டு. அங்கே ஒதுங்குவது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தனியாக முடியாதது சேர்ந்தால் முடியும் என்பதை இந்தச் சீமை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறது. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் ஒத்துக்கொண்டது. இன்றைக்கு உங்கள் அளவில் இதன் பொருள் சின்னது: பாத்ரூம் போக நேரம் விடாத சூப்பர்வைசரிடம் நீங்கள் தனியாகப் போகாமல், ஷிப்டில் இருக்கிற நாலுபேர் சேர்ந்து போங்கள்.

ஆறாம் படி: பேச்சைத் தொடங்கப் பழகுங்கள்

தெரிந்தும் பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், முதல் வாக்கியம் வராததுதான். அது வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

நேரம் கேட்டுத் தொடங்குங்கள். "அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம் பேசணும், சாயங்காலம் கடை அடைக்கதுக்கு முன்னாடி வரட்டுமா?" நேரம் கேட்பதே மரியாதை. எதிர்பாராத நேரத்தில் வந்து தாக்குகிறான் என்ற எண்ணம் அவருக்கு வராது. உங்களுக்கும் தப்பித்து ஓட வழியில்லாமல் போய்விடும், அது நல்லதுதான்.

அடுத்து, நடந்ததைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "நீங்க எப்பவும் எனக்கே நைட் டூட்டி போடுதீங்க" என்றால் சண்டை "எப்பவும்" என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளும். "இந்த மாசம் எனக்குப் பத்து நைட் வந்திருக்கு, மத்தவங்களுக்கு ஆறு" என்றால் சார்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். பிறகு உங்கள் தேவை: "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வாரத்துல அஞ்சு ராத்திரியாவது வீட்ல இருக்கணும்." பிறகு அவருடைய தேவையைக் கேளுங்கள்: "உங்களுக்கு இதுல என்ன சிரமம்னு சொல்லுங்க மேடம்." இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் நீங்கள் செய்தது முட்டல்தான், மெதுவான குரலில். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருங்கள். அந்தச் சில விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் "பரவாயில்ல மேடம், நான் பாத்துக்கிடுதேன்" என்று நீங்களே முடித்துவிடக் கூடாது.

வாட்ஸ்அப் குழுவில் எந்தச் சண்டையையும் தீர்க்க முயலாதீர்கள். எழுத்தில் குரல் தெரியாது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் யாரும் இறங்கி வரவும்மாட்டார்கள். பேசி முடித்த பிறகு, முடிவை மட்டும் ஒரு வரியில் போடலாம்: "வர்ற மாசத்துல இருந்து நைட் டூட்டி ஆளுக்கு ஏழு. நன்றி மேடம்."

சத்தம் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேறு பயிற்சி. முதலில் கேள்வி, பிறகுதான் கருத்து. "ஏன் அப்படிச் சொல்லுதீங்க?" என்பதைக் கோபமில்லாமல் கேட்கப் பழகினால் போதும். நெல்லைத் தமிழில் இந்தக் கேள்வியை அதட்டலாகவும் கேட்கலாம், உண்மையாகவே தெரிந்துகொள்ளவும் கேட்கலாம். எப்படிக் கேட்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வழி எதுவானாலும் தனியாகச் சமாளிக்கக் கூடாதவை

இதுவரை சொன்னது இரண்டு பேரும் நியாயமாக இருக்கக்கூடிய உரசல்களுக்கு. சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுவது, பாலியல் தொந்தரவு, சம்பளத்தைப் பிடித்து வைப்பது ஆகியவை அந்தக் கணக்கில் வராது. அங்கே "என் அணுகுமுறையை மாற்றிப் பார்க்கிறேன்" என்று உங்களையே வருத்திக்கொள்ள வேண்டாம். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நல்ல பிள்ளைகள்தான் இப்படி நினைத்து மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா? தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்து, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது. ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்துவதற்கு எதிராக 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொந்தரவுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எச்.ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை வந்த பிறகு கேட்பது கஷ்டம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டித்துக் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் இருக்கிறது. நோட்டில் தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை எழுதி வைத்திருந்தால் புகார் எழுதும்போது அந்தப் பக்கங்கள் கைகொடுக்கும்.